தந்தையரின் கணக்கு

ராயக்கோட்டையில் பொழுது புலருமுன், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பஸ்ஸிற்காகக் காத்து நிற்போரில் தாய்மாரும் உளர். வீட்டில் உறங்கும் குழந்தையை எழுப்பி, உண்பித்து, பள்ளிக்கு அனுப்புவோர் யார்? பாட்டி என்றும் மூத்த பெண் என்றும் விடை வருமேயன்றி, தகப்பனார் என்னும் விடை நமது செவிக்கு எட்டுவது அரிது.

“இது வீட்டு விவகாரம், இதற்கு அளவுகோல் ஏது?” என்பர் சிலர். அளவுகோல் உண்டு. 1998-99இல் தமிழ்நாடு உள்ளிட்ட 6 மாநிலங்களில் பரீட்சார்த்தமாகவும், பின்னர் 2019இலும் 2024இலும் தேசம் முழுவதிலும் மத்திய சர்க்கார் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தினர். அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை ஒருவர் செய்தவை யாவும் அதில் அரைமணி அரைமணியாகப் பதிவாகின்றன.

2024ஆம் வருஷக் கணக்கின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 41 பேர் வீட்டிலுள்ள குழந்தைகள், முதியோர் முதலானோரைப் பராமரித்தனர். புருஷர்களில் நூற்றுக்கு 21.4 பேரே. அவ்வாறு ஈடுபட்டோர் நாளொன்றுக்குச் செலவிட்டது, ஸ்திரீகள் 140 நிமிஷம். புருஷர்கள் 74 நிமிஷம். மேலெழுந்தவாரியாக நோக்கின் இது இரட்டிப்பு என்றே தோன்றும். ஆட்களின் தொகையையும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள். நூறு ஸ்திரீகள் சேர்ந்து சுமப்பது 5,740 நிமிஷம். நூறு புருஷர்கள் சுமப்பது சுமார் 1,584 நிமிஷம். மூன்றரை மடங்குக்கும் அதிகம்!

சட்டம் என்ன செய்கின்றது? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்று 2017ஆம் வருஷத்து மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் விதித்தது. 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி இடம் பெற்றது. மெச்சத்தக்கதே. ஆயினும், நாளில் 4 முறை காப்பகத்திற்குச் சென்று வரும் உரிமையை ஸ்திரீக்கு மட்டும் வழங்கி, தகப்பனைப் பற்றி அது மௌனம் சாதிக்கின்றது. பாலூட்டுவது தாய்க்கே உரியது. சோறூட்டுவதும் தாலாட்டுவதும் அப்படியா? குழந்தை ஸ்திரீயின் பொறுப்பு என்னும் பழைய தீர்ப்பையே சட்டமும் ஊர்ஜிதம் செய்துவிட்டது.

தேசத் தொண்டர்களே! அவ்வுரிமையைத் தகப்பனுக்கும் சேர்த்துக் கேட்போமாக. சட்டம் திருந்தும்வரை நாம் வாளாவிருக்க வேண்டுவதில்லை. நேற்று அதிகாலை 4 மணி முதல் இன்று 4 மணி வரை நம் குழந்தைக்கென நாம் செலவிட்ட நிமிஷங்களை இன்றிரவே எழுதுவோம். பக்கத்தில் மனைவியின் கணக்கையும் எழுதுவோம். அவ்விரண்டையும் ஒருங்கே பார்த்த பின்னர், மேடையேறிச் சமத்துவம் பேச நமக்கு நா எழுமா?