இடைவெளி – 11: ஆறு மீட்டர் குழாய்

தவளையின் நரம்பை ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்த கதை போன வாரத்தோடு முடிந்தது. நரம்பில் ஓடும் சேதிக்கும் ஒரு வேகம் உண்டு என்பது மட்டும் நினைவிருந்தால் போதும். மூளை ஆய்வுக்கூடத்தில் ஒலி எவ்வளவு தாமதமாக வருகிறது, திரையில் படம் எவ்வளவு தாமதமாக வருகிறது, இரண்டையும் இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். திரை அடுத்த வாரத்துக்குப் போகிறது. நடுவில் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து இடத்தை எடுத்துக்கொண்டார்.

முதலில் ஆய்வுக்கூடம். மூளையின் நரம்புச் செல்களில் மின்னோட்டம் ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப் புலம் எழும். அதைத் தலைக்கு வெளியிலிருந்தே அளக்கும் முறைக்கு எம்.இ.ஜி. என்று பெயர். டேவிட் கோஹன் 1968-ல் செம்புக் கம்பிச் சுருளை வைத்து அதை முதலில் பிடித்தார். 1972-ல் எம்.ஐ.டி.யில் ஸ்க்விட் என்ற மீக்கடத்தி உணரியை வைத்துத் தெளிவாகப் பிடித்தார். அந்தப் புலத்தின் அளவு சுமார் 100 ஃபெம்டோடெஸ்லா. பூமியின் காந்தப் புலம் அதைப்போல ஏறத்தாழ 50 கோடி மடங்கு. தெருவில் போகும் கார், பக்கத்தில் ஏறி இறங்கும் லிஃப்ட், எது அசைந்தாலும் மூளையின் சேதி அதில் மூழ்கிவிடும். அதனால்தான் உலோகச் சுவர் வைத்த தடுப்பு அறை. ஸ்க்விட் உணரி மீக்கடத்தியாக வேலை செய்ய, அதை மைனஸ் 269 டிகிரியில் வைத்திருக்கும் திரவ ஹீலியமும் வேண்டும். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் ஸ்க்விட் உணரிகளைத் தாங்களே செய்து, இதயத்தையும் மூளையையும் அளக்கக் கருவிகள் அமைத்திருக்கிறார்கள். நம் கடற்கரையில் இது நடக்கிறது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு 'டிக்' சத்தம் கேட்க வேண்டும். சாதாரண ஹெட்போன் மாட்ட முடியாது. அதற்குள் காந்தம் இருக்கிறது. எனவே ஒலியெழுப்பும் கருவியைத் தலையிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் காற்று வழியாகவே சத்தத்தைக் காது வரை கொண்டுவருகிறார்கள். வெளியே கம்பியில் மின்சாரம் ஓடுவதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. குழாய்க்குள் நிலைமை வேறு. 22 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 344 மீட்டர். குழாய் ஆறு மீட்டர் என்றால் சத்தம் காதுக்கு வர 17 மில்லி நொடிக்குச் சற்று மேல் ஆகும்.

இது அற்பம் என்று தோன்றலாம். சத்தம் காதில் விழுந்து ஏறத்தாழ 100 மில்லி நொடியில் மூளையின் கேட்கும் பகுதியிலிருந்து ஒரு பெரிய அலை எழும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இந்த அலை தாமதமாக எழுகிறது என்று ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2010-ல் எழுதினார்கள். அந்தத் தாமதம் சுமார் 10 மில்லி நொடி. குழாயின் தாமதம் அதைவிடப் பெரிது என்பதைக் கவனியுங்கள். ஒரு ஊரின் முடிவை இன்னொரு ஊரின் முடிவோடு ஒப்பிடும்போது குழாயின் நீளத்தைக் கழிக்க மறந்தால், குழந்தையின் மூளைக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

நீளத்தை வேகத்தால் வகுத்து எழுதிவிட்டால் ஆயிற்றே என்று கேட்கலாம். இந்த இடத்தில்தான் பிரெஞ்சுக்காரர் வருகிறார்.

ழான் பாப்டிஸ்ட் பியோ. ஆண்டு 1808. பாரிஸ் நகரத் தண்ணீருக்காக வார்ப்பிரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துப் பதித்திருந்தார்கள். 376 குழாய்கள், மொத்தம் 951 மீட்டர். ஊர் அடங்கிய இரவு நேரத்தில் பியோ அதன் ஒரு முனையில் காதை வைத்தார். மறுமுனையில் இரும்பில் ஓர் அடி. அவருக்கு இரண்டு சத்தம் கேட்டது! ஒன்று இரும்பு வழியாக ஓடி வந்தது. இன்னொன்று குழாய்க்குள் இருந்த காற்று வழியாகப் பின்னால் வந்தது. இரண்டுக்கும் நடுவில் சுமார் இரண்டரை நொடி. காற்றில் ஒலி வர எவ்வளவு நேரமாகும் என்பது முன்பே தெரியும். கழித்துப் பார்த்தால் இரும்பில் அதன் வேகம் காற்றைப்போலப் பத்து மடங்குக்கு மேல் என்று வந்தது.

அவர் அதோடு விடவில்லை. குழாயின் ஒரு முனையில் முணுமுணுத்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி மறுமுனையில் தெளிவாகக் கேட்டது. இரண்டு முனையிலும் இருந்தவர்கள் அப்படியே பேசிக்கொண்டார்கள். ஒரு முனையில் கைத்துப்பாக்கியைச் சுட்டபோது மறுமுனையில் மெழுகுவத்தி அணைந்தது. எனக்கு மிகவும் பிடித்தது புல்லாங்குழல். ஒரு முனையில் புல்லாங்குழல் வாசிக்க, மறுமுனையில் பாட்டு கலையாமல் வந்து சேர்ந்தது. உச்ச சுரமும் கீழ்ச் சுரமும் ஒரே வேகத்தில் வராவிட்டால் பாட்டு குழம்பியிருக்கும். ஒரு பாட்டைக் கேட்டே இயற்பியல் விதியைச் சரிபார்த்தார்கள் என்பதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

பியோவின் அளவையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு சத்தத்தையும் அவர் ஒரே இடத்தில், ஒரே கடிகாரத்தால் அளந்தார். இந்த முனையில் ஒரு கடிகாரம், அந்த முனையில் ஒன்று என்றால் இரண்டும் ஒத்து ஓடுகின்றனவா என்ற சந்தேகம் கடைசி வரை தீராது. ஒரே அடி இரண்டு வழியாக ஒரே காதுக்கு வந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

இன்றைய ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டியதும் அதுவேதான். ஆளை வெளியே அனுப்பிவிட்டு, காதில் வைக்கும் நுரை முனையை ஒரு சின்ன மைக்கின் முன்னால் பொருத்துகிறார்கள். மைக்கின் கம்பியை மூளை அலைகளைப் பதியும் அதே கருவியின் காலியான சேனலில் செருகுகிறார்கள். சத்தத்தைப் போடும்போது கம்ப்யூட்டர் 'இதோ போட்டேன்' என்று அனுப்பும் ட்ரிக்கர் துடிப்பும் அதே பதிவில் விழுகிறது. ட்ரிக்கருக்கும் மைக்கில் சத்தம் எழுந்ததற்கும் உள்ள இடைவெளியே தாமதம். நூற்றுக்கணக்கான 'டிக்'குகளை விட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சாதாரணமாக நொடிக்கு 1000 சாம்பிள் பதிகிற கருவியை இந்த வேலைக்காக 5000-க்கு ஏற்றிக்கொள்வது நல்லது.

அளந்தவர்களுக்குத் தெரியும், விடை 17 ஆக வராது. சவுண்ட் கார்டு சத்தத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துத்தான் வெளியே விடும். 1024 சாம்பிள் கொள்ளும் பஃபர், நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் அந்த ஒரு துண்டிலேயே 23 மில்லி நொடி போய்விடும். நிலையாக 40 மில்லி நொடி தாமதம் என்றால் எனக்குக் கவலையே இல்லை, கழித்துவிடலாம். ஒரு தடவை 35, மறு தடவை 48 என்று ஆடுவதுதான் கொடுமை. மூளையின் அலை இரைச்சலுக்கு நடுவில் மிகச் சிறியது. ஒரே சத்தத்தை நூறு முறை போட்டுச் சராசரி எடுத்தால்தான் தலை காட்டும். தாமதம் ஆடினால் சராசரியில் அலை மழுங்கும். நொடிக்கு 40 முறை துடிக்கும் அலைக்கு ஒரு சுற்று 25 மில்லி நொடி. பாதிச் சத்தங்கள் பன்னிரண்டரை மில்லி நொடி பிந்தினால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்து அலையே காணாமல் போகும். மூளை பதில் சொல்லவில்லை என்று ஆராய்ச்சியாளர் எழுதுவார். மூளை சொன்ன பதிலைக் கம்ப்யூட்டர் அழித்திருக்கும்.

வெப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், அதில் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது. வானிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறும் என்பதைப் பொறுமையாக அளந்தவர்களில் ஒருவர் சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை சுடும் பீரங்கியைப் பார்த்து, வெளிச்சத்துக்கும் முழக்கத்துக்கும் உள்ள இடைவெளியை 1820-களின் தொடக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தார். வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் கூடவே எழுதினார். இங்கும் ஒரே இடம், ஒரே கடிகாரம், இரண்டு சேதி. அவருடைய கட்டுரை 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. கோல்டிங்ஹாமுக்குத் தனியாக ஒரு வாரம் தர வேண்டும். ஏ.சி. வைத்த அறையில் ஆறு மீட்டர் குழாய்க்கு வெப்பத்தால் வரும் மாற்றம் மிகச் சிறியது. ஏ.சி. நின்று 22 டிகிரி 38 ஆனால்கூட அரை மில்லி நொடிதான். குழாயின் அகலம் அதைவிடக் கவனிக்க வேண்டியது. குறுகிய குழாயில் ஒலி திறந்த வெளியைவிடச் சற்று மெதுவாகப் போகும். ரெனோ என்ற இன்னொரு பிரெஞ்சு விஞ்ஞானி 1860-களில் அதே பாரிஸின் நிலத்தடிக் குழாய்களில் இதை அளந்து காட்டினார். நீளத்தை வேகத்தால் வகுப்பது ஏன் போதாது என்பதற்கு அவரும் சாட்சி.

பியோவை விட்டுப் போவதற்கு முன்னால் இன்னொன்று. 1820-ல் அவரும் ஃபெலிக்ஸ் சவாரும் சேர்ந்து, மின்னோட்டம் ஓடும் கம்பியைச் சுற்றி எவ்வளவு காந்தப் புலம் எழும் என்ற விதியைக் கண்டார்கள். பியோ-சவார் விதி என்று கல்லூரிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தலைக்கு வெளியே பிடிபட்ட புலத்திலிருந்து மூளைக்குள் மின்னோட்டம் எங்கே ஓடியது என்று எம்.இ.ஜி. கண்டுபிடிப்பது அந்த விதியின் துணையோடுதான். குழாயில் வரும் ஒலியை அளந்த மனிதரும், அந்த ஒலிக்கு மூளை தரும் பதிலை அளக்கும் விதியைத் தந்த மனிதரும் ஒருவரே. இதனால்தான் இந்த வாரம் திரைக்கு இடமில்லாமல் போனது.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கூடத்தில் ஒலி எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை யாரோ பழைய கோப்பில் எழுதி வைத்த எண்ணிலிருந்து எடுக்காதீர்கள். நீங்களே மைக் வைத்து அளந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் மென்பொருளைப் புதுப்பித்தாலோ குழாயை மாற்றினாலோ திரும்பவும் அளங்கள். கட்டுரை எழுதும்போது சராசரித் தாமதம் எத்தனை, அது எத்தனை ஆடியது, எப்போது அளந்தீர்கள் என்ற மூன்றையும் மறக்காமல் சேருங்கள். இரண்டு வரிதான் ஆகும்.