சிறுதொழிலை வளர்ப்பது எப்படி?



தோட்டத்து மக்களாகிய நமக்கு வியாபாரம் புதிதன்று. பால்மரம் சீவிவிட்டு வந்து மாடு கறந்து பால் ஊற்றியவர்கள், லயத்து வாசலில் வடை சுட்டு விற்றவர்கள், ஒரே ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எல்லாத் தோட்டங்களிலும் இருந்திருக்கிறார்கள். தோட்டம் கைமாறினால் வேலையோடு வீடும் போய்விடும் என்ற நிலையில், பல குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தது இந்தச் சிறுதொழில்தான்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருப்போம். தொழிலைத் தொடங்குகிறவர்கள் பலர், வளர்க்கிறவர்கள் சிலர். நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலைப் பெரிதாக்கப் போய் இருந்ததையும் இழந்தவர்களும் உண்டு. அகலக்கால் வைத்தான், விழுந்துவிட்டான் என்று ஊர் சொல்லும். கால் எங்கே சறுக்கியது என்று பார்த்தால், பெரும்பாலும் கணக்கில்தான் சறுக்கியிருக்கும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு குடும்பம் வாரம் 100 பொட்டலம் முறுக்குச் செய்து, பொட்டலம் 3 வெள்ளிக்குத் தானே விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு 300 வெள்ளி. மாவு, உளுந்து, எண்ணெய் முதலியவற்றுக்கு 130 வெள்ளி, எரிவாயுவுக்கு 15, பைக்கு 15, மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கு 10. ஆகச் செலவு 170 வெள்ளி. மீதி 130 வெள்ளி. நல்ல லாபம் என்று மனம் குளிர்கிறது.

பொறுங்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கு 7 மணி நேரம் அடுப்படியில் நின்றிருக்கிறார்களே, அந்த 14 மணி நேரத்துக்குக் கூலி எங்கே? நம் வீட்டு வேலைக்கு நாமே கூலி போட்டுக்கொள்வதா என்று கேட்கலாம். போடத்தான் வேண்டும். 2025-இல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 17 காசு என்று வகுக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 14 மணி நேரத்துக்கு 114 வெள்ளி 38 காசு. அதைக் கழித்தால் உண்மையான லாபம் 15 வெள்ளி 62 காசுதான்.

இந்த நிலையில் பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் வருகிறார். “பொட்டலம் இரண்டரை வெள்ளிக்குக் கொடுங்கள், எத்தனை கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். தொழில் வளரப் போகிறது என்று நாம் மகிழ்கிறோம். கணக்கைப் பார்ப்போம். 100 பொட்டலத்துக்கு வரவு 250 வெள்ளி. செலவும் கூலியும் சேர்த்து 284 வெள்ளி 38 காசு. நட்டம் 34 வெள்ளி 38 காசு. 1,000 பொட்டலம் செய்தால் நட்டமும் பத்து மடங்கு. வெளியாள் வைக்காத வரையில் இந்த நட்டம் கண்ணுக்குத் தெரியாது. நம் உடலுழைப்பு அதை மறைத்துவிடும். சம்பளத்துக்கு ஆள் வைத்த அன்றுதான் அது வெளியே வரும். விற்பனை பெருகுவது வேறு, தொழில் வளர்வது வேறு என்பதை இங்கேதான் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவதா? வேண்டியதில்லை. முதலில் அடக்க விலையைக் குறைக்க வழி தேட வேண்டும். மாவையும் எண்ணெயையும் மொத்தமாக வாங்கி 15 வெள்ளி மிச்சப்படுத்தலாம். மாவு பிழியும் இயந்திரம் ஒன்று இருந்தால் 14 மணி நேர வேலை 9 மணி நேரத்தில் முடியும் என்று வைத்துக்கொண்டால், கூலி 73 வெள்ளி 53 காசாக இறங்கும். இப்போது கடைக்கு இரண்டரை வெள்ளிக்குக் கொடுத்தாலும் 21 வெள்ளி 47 காசு நிற்கும். இனித்தான் அளவைக் கூட்ட வேண்டும்.

இயந்திரம் வாங்கலாமா என்பதையும் இப்படியே கணக்கிடலாம். அதன் விலை 1,200 வெள்ளி என்றால், ஒவ்வொரு தடவையும் கூலியில் மிச்சமாவது 40 வெள்ளி 85 காசு. வாரம் ஒரு தடவை செய்தால் ஏறக்குறைய 30 வாரத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். அந்த 30 வாரமும் சரக்கு விற்கும் என்ற நம்பிக்கை இருந்தால் வாங்கலாம். அடுத்த வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காக வாங்கக் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடைக்காரர் ஒரு மாதம் கழித்துத்தான் பணம் தருவார் என்றால், நான்கு வாரச் சரக்குக்கான செலவை நாம்தான் கைமுதலாகப் போட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் வாரம் 155 வெள்ளி வீதம் 620 வெள்ளி வெளியே கிடக்கும். அந்தப் பணம் கையில் இல்லாதவர், லாபம் வருகிற தொழிலையே பணமில்லாமல் நிறுத்தும்படி ஆகும். ஆகவே விலை பேசும்போதே தவணையையும் பேசிவிட வேண்டும். வாங்குகிறவர் உறவினரே ஆனாலும், எடுத்த சரக்கை எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லது. எழுதாக் கடன் அழுதாலும் தீராது என்பது பழமொழி.

வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் ஒரே டப்பாவில் போடுவது நம்மிடையே உள்ள பழைய வழக்கம். திருமணம், காதுகுத்து, பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அந்த ஒரே டப்பாவிலிருந்து போகும். மாவு வாங்கும் நாளில் டப்பா காலியாக இருக்கும். வங்கியில் தொழிலுக்கென்று தனிக் கணக்கு வேண்டும். நம் கூலியை மட்டும் மாதாமாதம் வீட்டுக்கு எடுத்துக்கொள்வோம். லாபம் தொழிலிலேயே நிற்கட்டும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எங்கே வாங்குகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஆலோங்கிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டியில் 1,000 வெள்ளி வாங்கினால், ஆண்டுக்கு 1,200 வெள்ளி வட்டி மட்டும் போகும். முதல் அப்படியே நிற்கும். உரிமம் பெற்ற வட்டிக்கடை, ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18-க்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. கூட்டுப் பணம் கட்டிப் பெரிய தொகை எடுக்கலாம் என்று நினைப்பதும் ஆபத்து. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1987-இல் தோன்றிய அமானா இக்தியார், 1998-இல் தோன்றிய தெக்குன் போன்ற அமைப்புகள் சிறுதொழில் செய்வோருக்கென்றே இருக்கின்றன. இந்திய வணிகர்களுக்கென்று தெக்குனில் தனித்திட்டமும் உண்டு. அங்கே போகும்போது நம் கணக்குப் புத்தகமே நமக்காகப் பேசும்.

சட்டப்படியான காரியங்களையும் தள்ளிப்போடக் கூடாது. தொழிலைத் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. உணவுத் தொழில் செய்வோர் உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும். ஆள் வைத்தால் சேமநிதியும் சொக்சோவும் கட்ட வேண்டும். தோட்டத்தில் நம் உரிமைக்காகக் கேட்ட அதே சேமநிதியை, நம்மிடம் வேலை செய்பவருக்கு மறுப்பது முறையாகாது. 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு நூற்றுக்கு 13. ஆள் வைக்குமுன் இதையும் அடக்க விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நேயர்களே, தோட்டங்கள் துண்டாடப்பட்டுவந்த காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தைக் கொண்டே அது தோட்டங்களை வாங்கியது. பணம் சிறியதுதான், ஆனால் ஒழுங்காகக் கட்டப்பட்டது, ஒழுங்காக எழுதப்பட்டது. குடும்பத் தொழிலுக்கும் அதே வழிதான்.

இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவோம். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு; செலவின் முதல் வரியில் நம் கூலி. மூன்று மாதம் விடாமல் எழுதியபின், தொழிலைப் பெரிதாக்கலாமா, இன்னும் சற்றுப் பொறுக்கலாமா என்பதை அந்தப் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம்.