பென்சிலால் ஓட்டு, தோற்ற அணிக்கு அதிக ஓட்டு! இத்தாலி பிராந்தியத் தேர்தல் பற்றித் தெரியுமா?

இத்தாலியில் மொத்தம் 20 பிராந்தியங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்த மன்றம், சொந்த அமைச்சரவை. அரசு ஆஸ்பத்திரிகளை நடத்துவதே இவைதான்! தேர்தல் விதிகளில் பெரும்பகுதியையும் அந்தந்தப் பிராந்தியமே வகுத்துக்கொள்ளலாம். அங்கேதான் அதிசயங்கள் ஆரம்பம்!

தெரியுமா? 1948-ல் அரசியல் சட்டம் அமலானாலும், சிறப்பு அந்தஸ்து இல்லாத சாதாரணப் பிராந்தியங்கள் 15-ம் முதல் தேர்தலைப் பார்த்தது 1970-ல்தான். 22 வருடக் காத்திருப்பு! சிசிலியோ அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1947 ஏப்ரலில் ஓட்டுப் போட்டுவிட்டது!

தெரியுமா? ஓட்டுச்சீட்டில் குறியிட, ரப்பரால் அழிக்க முடியாத தனிவகைப் பென்சில் தருகிறார்கள். கட்சிச் சின்னத்தில் கோடு போட்டு, பக்கத்தில் பிடித்த வேட்பாளரின் பெயரைக் கைப்பட எழுதலாம். பல பிராந்தியங்களில் இரண்டு பெயர் எழுதினால் ஒருவர் ஆண், ஒருவர் பெண்ணாக இருந்தே தீரவேண்டும். இல்லையென்றால் இரண்டாவது பெயர் செல்லாது! கிளம்பும்போது பென்சிலைத் திருப்பித் தராவிட்டால் அபராதம்!

தெரியுமா? பல பிராந்தியங்களில், பிராந்தியத் தலைவருக்கு ஓர் அணி, மன்றத்துக்கு எதிரணி என்று ஓட்டைப் பிரித்தும் போடலாம்! 2024-ல் சார்டினியாவில் வலதுசாரிக் கட்சிகள் மொத்தமாக அதிக ஓட்டு வாங்கின. ஆனால் மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தலைவரானவர் எதிரணியின் அலெசாந்திரா தோதே! சார்டினியாவின் முதல் பெண் தலைவர். மன்றத்தின் 60 இடங்களில் 36 அவர் அணிக்கே!

தெரியுமா? மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவர் ராஜினாமா செய்தால் மன்றமும் கலைந்துவிடும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அவரைக் கவிழ்த்தால், கவிழ்த்த உறுப்பினர்களின் பதவியும் காலி! கட்சி தாவி ஆட்சியைப் பிடிக்க வழியே இல்லை!

தெரியுமா? கலாப்ரியா பிராந்தியத்தின் தலைநகர் கட்டன்சாரோ என்றதும் 1970-ல் ரெஜ்ஜோ நகரமே கொதித்தெழுந்தது. மாதக்கணக்கில் கலவரம், தெருவில் ராணுவ டாங்கிகள்! கடைசியில் சமரசம்: அமைச்சரவை கட்டன்சாரோவில், மன்றம் ரெஜ்ஜோவில். இன்றைக்கும் அப்படித்தான்!

தெரியுமா? ஐந்து பிராந்திய மன்றங்கள் சேர்ந்தால், நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை ரத்து செய்யலாமா என்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு கேட்கலாம்! 2016-ல் கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் உரிமங்கள் விஷயத்தில் 9 பிராந்தியங்கள் அப்படியே செய்தன. பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வராததால் சட்டம் பிழைத்தது. ஆனாலும் கடலோரத்து மக்களின் கவலைக்கு ஆல்ப்ஸ் மலையடிவாரம் வரை பதில் சொல்லவேண்டி வந்ததே, அதுதான் உண்மையான அதிகாரப் பகிர்வு!