பக்கத்து வீட்டு நாய் கஷ்டப்படுகிறதா? எர்ணாவூரிலிருந்து யாரைக் கூப்பிடுவது?

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு நாய் கட்டியிருக்கிறது. தகர ஷீட்டின் நிழல் பதினோரு மணிக்கே நகர்ந்துவிடும். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. வீட்டில் ஆள் இல்லை. ஒருவருக்குத் துறைமுகத்தில் ஷிப்டு, இன்னொருவருக்கு மணலி பக்கம் வேலை. துணி காயப்போட மாடிக்கு வந்த உங்களுக்குக் கீழே இறங்க மனசு வரவில்லை. கையில் போன் இருக்கிறது. யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் சண்டை வருமா? நமக்கு எதுக்கு வம்பு?

எர்ணாவூர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் குடியிருப்பு பிளாக்குகளும் உள்ள இடத்தில் அடுத்த வீட்டு நாய் இருமினால்கூட நமக்குக் கேட்கும். நாய், பூனை மட்டுமா? வாசலில் ஆடு, சந்தில் மாடு, மாடியில் புறாக் கூண்டு. வடசென்னைக்குப் புறா வளர்ப்பு நேற்று வந்த பழக்கமில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று கஷ்டப்படுவது போலத் தெரிந்தால் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. செய்யக்கூடாததும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில், பார்ப்பது நிஜமாகவே கஷ்டம்தானா என்று கவனியுங்கள். நாய் குரைக்கிறது என்பது மட்டும் கொடுமை ஆகாது. சொல்லப்போனால், எப்போதும் குரைக்கிற நாய் திடீரென்று சத்தமே இல்லாமல் சுருண்டு கிடந்தால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். பூனை ஊர் சுற்றுவது அதன் இயல்பு. விலா எலும்பு தெரிகிறது என்பதால் பட்டினி போடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குடற்புழுவாக இருக்கலாம், வயதான நாய்க்குச் சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம். ஒருவேளை சிகிச்சை நடந்துகொண்டே இருக்கும். ஆனால் கழுத்துப்பட்டை சதையில் இறங்கிப் புண்ணாகியிருப்பது, புண்ணில் புழு வைத்திருப்பது, நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாதது, எழுந்து திரும்பக்கூட முடியாத அளவு குட்டைச் சங்கிலி, தன் கழிவிலேயே படுத்திருப்பது ஆகியவற்றுக்கு வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

மே மாத வெயில் தனிக் கதை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். மூச்சு இரைத்து, கெட்டியாக எச்சில் வழிந்து, நடை தள்ளாடினால் அது அவசரம். வீட்டுக்காரர் அங்கே இருந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் பாதங்களிலும் உடம்பிலும் ஊற்றி, விசிறியைப் போட்டுவிட்டு, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குப் போய்விடும்.

அவசரம் இல்லையென்றால் அடுத்த படி கதவைத் தட்டுவதுதான். "ஏன் நாயை இப்படிக் கொடுமைப்படுத்துறீங்க?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அக்கா, டைகர் ரெண்டு நாளா ஒரு மாதிரி படுத்திருக்கே, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். வேலை ஷிப்டு மாறியிருக்கும். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். நாயை ஆசையாகக் கொண்டுவந்த பையன் வெளியூர் போயிருப்பான். பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் இருக்கும். மருத்துவருக்குக் காசு இல்லை என்பதை வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். "மத்தியானம் நான் தண்ணி வெச்சிடறேன், மாடிக் கதவை மட்டும் திறந்து வெச்சிட்டுப் போங்க" என்ற ஒரு வார்த்தை பல புகார்களைவிட வேகமாக வேலை செய்யும். செலவுதான் பிரச்சினை என்றால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையோ சொல்லிக் கொடுங்கள். தனியார் கிளினிக்கை விடச் செலவு குறையும்.

பேசியும் பலனில்லை, அல்லது பேசவே முடியாத ஆள் என்றால் சட்டம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960. இதன் பின்னணியில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பிறகு அரசே சட்டம் இயற்றியது; 1962-ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர். வாரியத்தின் தலைமை அலுவலகமும் நெடுநாள் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவைப் படித்தால் நம் பக்கத்து மாடியைப் பார்த்து எழுதியது போல இருக்கும். அளவுக்கு மீறிய நேரம், மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டி வைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பது குற்றம். உரிமையாளர் போதிய தீனி, தண்ணீர், தங்குமிடம் தராதது குற்றம். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம். புறாவுக்கும் இது பொருந்தும். பட்டினியிலோ தாகத்திலோ தவிக்கும்படி கைவிட்டுப் போவதும் குற்றம்தான். அடிப்பது, உதைப்பது எல்லாம் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது.

அபராதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். முதல் முறை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கினால் சரியாகப் போய்விடும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தொகை சின்னது என்பதற்காகச் சட்டத்தை அலட்சியமாக நினைக்க வேண்டாம். தண்டிக்கப்பட்டவரிடமிருந்து அந்தப் பிராணியின் உரிமையையே பறிக்க நீதிமன்றத்துக்கு 29-வது பிரிவு அதிகாரம் தருகிறது. விஷம் வைப்பது, கொல்வது, கை கால் ஊனமாக்குவது என்றால் விஷயமே வேறு: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். விஷம் வைத்தார்கள், வெட்டினார்கள் என்று புகார் கொடுத்தால் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். தண்ணீர் வைக்கவில்லை, குட்டைச் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள் என்பது போன்ற 11-வது பிரிவுப் புகார்களில் பெரும்பாலானவற்றை மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. அதனால்தான் ஸ்டேஷனில் "பேசிப் பாத்துக்கலாமே" என்கிறார்கள். மனம் தளர வேண்டாம். புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். போலீஸ் ஒரு முறை வீட்டுக்கு வந்து விசாரித்தாலே பல இடங்களில் சங்கிலி நீண்டுவிடும்.

இன்னொன்று, நாள் கணக்கு. இந்தச் சட்டப்படி குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். "போன வருஷத்திலிருந்தே இப்படித்தான்" என்று சொன்னால் போதாது. தேதி வேண்டும். அதற்குத்தான் உங்கள் போன். உங்கள் மாடியிலிருந்தோ பொதுவழியிலிருந்தோ படமெடுங்கள். காலை, மதியம், மாலை என ஒரே இடத்தை நாலைந்து நாள் எடுத்தால் சட்டி காலியாகவே கிடப்பது தானாகத் தெரியும். படங்களை எடிட் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள்.

அந்தப் படத்தை வீட்டுக்காரர் முகத்தோடும் முகவரியோடும் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் அதனால் கிடைக்காது. உங்கள் மேல் அவதூறுப் புகார் வேண்டுமானால் வரும். அதேபோல, சுவர் ஏறிக் குதித்துச் சங்கிலியை அவிழ்ப்பது வேண்டாம். அத்துமீறி நுழைந்ததாக, திருடியதாகப் புகார் வரலாம். பயந்துபோன நாய் உங்களையே கடித்தாலும் ஆச்சரியமில்லை. பிராணியைக் கைப்பற்றி மருத்துவரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ காட்டச் சட்டம் போலீஸ் அதிகாரிக்கும் அரசு அதிகாரம் பெற்றவருக்கும் மட்டுமே இடம் தருகிறது.

எந்த எண்ணுக்கு?

எர்ணாவூர்வாசிகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2011-ல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்ததிலிருந்து நீங்கள் மாநகராட்சியின் முதல் மண்டலம். ஆனால் எண்ணூர் காவல் நிலையம் ஆவடி காவல் ஆணையரகத்தில் இருக்கிறது. மேல்முறையீட்டு மனுவைச் சென்னை ஆணையருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

கண் முன்னால் அடிக்கிறார்கள், விஷம் வைக்கிறார்கள் என்றால் 100 அல்லது 112. 'காவல் உதவி' செயலியிலும் உதவி கேட்கலாம். கிணற்றிலோ கால்வாயிலோ விழுந்துவிட்டால் தீயணைப்புத் துறை, 101. மாடு, ஆடு நோயுற்றால் கால்நடை பராமரிப்புத் துறையின் நடமாடும் மருத்துவ ஊர்திக்கு 1962. வேளச்சேரியில் உள்ள ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளையும் அழைக்கலாம். வடக்குக் கோடிக்கு வண்டி வந்து சேர நேரமாகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

மாநகராட்சிக்கு 1913, அல்லது 'நம்ம சென்னை' செயலி. வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும். அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். 2025 இறுதியில் இதைக் கண்டிப்பாக்கிய மாநகராட்சி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. மைக்ரோசிப்பும் பொருத்தச் சொன்னது. உரிமக் கட்டணமோ வெறும் 50 ரூபாய். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இதைப் பக்கத்து வீட்டாரிடம் புகாராகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் போனிலேயே விண்ணப்பித்துக் கொடுங்கள். அந்தச் சாக்கில் நாய் மருத்துவர் கண்ணில் படும் என்பது நமக்கு லாபம்.

கூண்டில் இருப்பது பச்சைக்கிளி என்றால் நன்றாக வளர்க்கிறார்களா என்ற கேள்வியே எழாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளமும் வாயுவும் வரும்போது

மேலே சொன்னதெல்லாம் சாதாரண நாட்களுக்கு. எர்ணாவூரில் சாதாரணமில்லாத நாட்களும் வருகின்றன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில், மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக எர்ணாவூர் வீடுகளுக்குள் வந்தது. சுவரில் படிந்த கறுப்புக் கோட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்களை நாடே பார்த்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மக்கள் கைக்குக் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள்.

அப்படிப்பட்ட இரவில் கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது, நீந்தவும் முடியாது. கூண்டுப் புறாவுக்கும் அதே கதிதான். ஷிப்டுக்குப் போன வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும்போது தெருவே காலியாகியிருக்கும். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே ஐந்து நிமிடம் பேசி வையுங்கள்: ஒருவர் போன் நம்பர் மற்றவரிடம் இருக்கட்டும், மாடிக் கதவுச் சாவி எங்கே என்று தெரிந்திருக்கட்டும், "நான் இல்லாதப்ப தண்ணி ஏறிச்சுன்னா நீங்களே அவுத்து விட்டுடுங்க" என்று அவர் வாயாலேயே, முடிந்தால் ஒரு வாட்ஸ்அப் மெசேஜாக, அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு சொன்ன அத்துமீறல் பயம் அதோடு தீர்ந்தது. நாய்க்கும் உங்களை முன்கூட்டியே பழக்கிவிடுங்கள். அந்நியக் கையை அது அந்த நேரத்தில் நம்பாது. கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதியிருந்தால் நல்லது. நிவாரண முகாமில் பிராணியைக் கூட வைத்துக்கொள்ள முடியுமா என்று வார்டு அலுவலகத்தில் முன்பே கேட்டு வையுங்கள்.

எண்ணெய் பட்டுவிட்டால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். நம் கையில் பெயிண்ட் பட்டால் செய்கிற வைத்தியம் அது, பிராணியின் தோலை வேகவைத்துவிடும். பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, கண்ணில் படாமல், எண்ணெய் போகும்வரை நாலைந்து முறை கழுவுங்கள். கழுவி முடியும்வரை நக்க விடாதீர்கள், பூனையை முக்கியமாக. நக்கி விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது; எண்ணெய் நுரையீரலில் இறங்கும். உலர்ந்த துணியில் சுற்றி, மருத்துவரிடம் கொண்டுபோய் என்ன பட்டது, எப்போது பட்டது என்று சொல்லுங்கள்.