வீட்டின் விலையும் வெள்ளத்தின் உயரமும்

வீட்டுக்கடன் கேட்டு விண்ணப்பித்தால், வங்கியின் பட்டியலில் உள்ள ஒரு பொறியாளர் வந்து மனையை அளந்து, படம் எடுத்து, மதிப்பீட்டு அறிக்கை எழுதுவார். நம் வங்கிகள் பரவலாகப் பயன்படுத்தும் படிவத்தில், மனையின் தன்மைகளைக் கேட்கும் பகுதியில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த இடம் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்க வாய்ப்புண்டா? ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் அதைக் கடந்துவிடலாம். கடலூரிலும் சிதம்பரத்திலும் அந்த ஒரு சொல் போதாது.

அறிக்கை சொல்லும் தொகையை வைத்துத்தான் கடன். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான கடன் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேல் 75 சதவீதம். 45 லட்சத்துக்குப் பேசி முடித்த வீட்டை மதிப்பீட்டாளர் 40 லட்சம் என்று எழுதினால், கிடைக்கக்கூடியது 32 லட்சம். மீதி 13 லட்சத்தை நாம்தான் புரட்ட வேண்டும். பத்திரச் செலவு தனி.

அந்த 40 லட்சம் எப்படி வருகிறது? மண்ணுக்குத் தனிக் கணக்கு, கட்டடத்துக்குத் தனிக் கணக்கு. மண்ணுக்கு, அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய மனைகளின் விலையை எடுத்து, சாலை அகலம், மூலை மனை போன்ற வேறுபாடுகளுக்கு ஏற்பக் கூட்டிக் கழிப்பார்கள். அரசின் வழிகாட்டி மதிப்பும் அறிக்கையில் இருக்கும். ஆனால் அது முத்திரைத்தாள் கட்டணத்துக்கான அளவு. 2017-ல் தமிழக அரசு அதை 33 சதவீதம் குறைத்தது, 2023-ல் பழைய நிலைக்கே கொண்டுவந்தது. மண் அதே மண்தான்.

கட்டடத்துக்கு, இன்று புதிதாகக் கட்டினால் ஆகும் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழிப்பார்கள். காங்கிரீட் வீட்டின் ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்று வைத்தால், ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் கழியும். இருபது வயதான வீட்டுக்கு 30 சதவீதம். எல்லா வீடும் ஒரே சீராக மூப்படையும் என்பது இந்தக் கணக்கின் நம்பிக்கை. உப்புத் தண்ணீர் அப்படி விடுவதில்லை. அதிலுள்ள குளோரைடு காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாதபோது காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடலோரத் தேவனாம்பட்டினத்தில் நிற்கும் வீட்டுக்கும் கடலிலிருந்து தள்ளியிருக்கும் விருத்தாசலத்தில் நிற்கும் வீட்டுக்கும் வயது ஒன்றாக இருக்கலாம், ஆயுள் ஒன்றல்ல.

வெள்ளத்தின் கதை இன்னும் அழுத்தமானது. தென்பெண்ணையும் கெடிலமும் கடலூரில்தான் கடலைச் சேர்கின்றன. புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்தால் ஆற்றுத் தண்ணீர் வடிய வழியின்றி ஊருக்குள் தேங்கும். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 மழை என ஒவ்வொன்றும் தன் தடத்தை விட்டுப் போயிருக்கின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் வந்த தண்ணீர், தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. சிதம்பரத்தை அடுத்த பெராம்பட்டு, கீழகுண்டலப்பாடி மக்களுக்குக் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தாலே கவலை.

நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றால், நம் காலத்தில் வராது என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே. 20 ஆண்டுத் தவணைக் காலத்துக்குள் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 18 சதவீதம். 30 ஆண்டில் 26 சதவீதம். ஏறத்தாழ நாலில் ஒன்று!

படிவத்தை மாற்ற முடியாதா என்ன? அமெரிக்காவில் 2005-ல் வடிவமைத்த மதிப்பீட்டுப் படிவங்கள் இப்போது மாறுகின்றன. ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்கள் வங்கிகளிடமிருந்து வாங்கும் வீட்டுக்கடன்களுக்கு, பல படிவங்களின் இடத்தில், சொத்துக்கேற்ப விரியும் ஒரே அறிக்கை 2026 நவம்பர் 2 முதல் கட்டாயமாகிறது. கருத்தாக எழுதி வந்த பலவும் அதில் தனித்தனித் தரவாகப் பதிவாகும். அந்நாட்டுப் பழைய படிவத்திலேயே வெள்ள மண்டலத்தின் பெயரும் வரைபட எண்ணும் கேட்கப்பட்டன.

நமக்கும் அப்படித் தனித்தனித் தரவுதான் தேவை. ‘வாய்ப்புண்டா’ என்ற கேள்விக்குப் பதிலாக எந்த ஆண்டு, எத்தனை அடி, எத்தனை நாள் தண்ணீர் நின்றது, தரைத்தளம் சாலையைவிட எவ்வளவு உயரம் என்று நான்கு கட்டங்கள் இருந்தால் போதும். சுவரில் கறை தெரியும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஆண்டு நினைவிருக்கும். இந்தக் கட்டங்கள், ஏற்கெனவே உள்ள வீடுகளின் விலையைக் குறைத்துவிடும் என்று சிலர் அஞ்சுவது உண்மைதான். ஆனாலும் அந்தச் செய்தியை மறைத்து விற்பதன் சுமை, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்குகிற குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. மேடேற்றிக் கட்டியவருக்கோ, இதே கட்டங்கள் நல்ல விலையைப் பெற்றுத் தரும்.

படிவம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். மதிப்பீட்டுக் கட்டணம் பெரும்பாலும் உங்கள் பணம்தான். அறிக்கையின் நகலை வங்கியில் கேளுங்கள். வெள்ளம் பற்றிய வரியை முதலில் படியுங்கள். ‘இல்லை’ என்று இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் நான்கு வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.