கோழி சொல்லாது, நோட்டு சொல்லும்!

முட்டை விலையைப் பத்திரிகையில் பார்க்கிறோம். 'நாமக்கல் மண்டலம்' என்று போட்டிருக்கும். 1997-ல் சேலத்தில் இருந்து பிரிந்த மாவட்டம் அது. அங்குள்ள கோழிப்பண்ணைகளில் முட்டையைப் போலவே பத்திரமாகக் காக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு.

அதுதான் கணக்கு நோட்டு!

ஒரு கொட்டகையில் 10 ஆயிரம் கோழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முட்டையிடும் கோழி ஒன்று, நாள் ஒன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். 10 ஆயிரம் கோழிக்கு 1,100 கிலோ! தண்ணீர் அதைப்போல் இரண்டு மடங்கு. கோடையில் இன்னும் கூடும்.

இதையெல்லாம் மனக்கணக்காக வைத்திருக்க முடியுமா?

எதை எழுதுவது?

தின்ற தீவனம், குடித்த தண்ணீர், இட்ட முட்டை, உடைந்த முட்டை, செத்த கோழி, தடுப்பூசி போட்ட தேதி. இவ்வளவுதான். ஆனால், அன்றன்றே எழுத வேண்டும். எழுதியவர் லீவு போட்டாலும் அடுத்தவருக்குப் புரிய வேண்டும்.

எழுதி மூடி வைத்தால் போதாது. நேற்றைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் தண்ணீர்க் கணக்கு திடீரென்று குறைகிறது. குழாய் அடைத்திருக்கலாம். நோயும் தொடங்கியிருக்கலாம். வெள்ளைக்கழிச்சல் பரவினால் கொட்டகையே காலியாகிவிடும். கடன் வாங்கிப் பண்ணை வைத்தவர் கதி என்ன? முதல் நாளே தெரிந்தால் டாக்டரைக் கூப்பிடலாம். நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மறைக்கலாமா?

செத்தது பத்துக் கோழி. முதலாளி திட்டுவாரே என்று பயந்து, ஏழு என்று எழுதினால்? மூன்று கோழி மறையும், நோய் மறையாது! உண்மையைச் சொன்னவரைத் திட்டாமல் இருப்பது முதலாளியின் கடமை. கம்ப்யூட்டர் வைத்தாலும் இதுதான் நிலை. பொய்க் கணக்கைக் கொடுத்தால் அதுவும் பொய்தான் சொல்லும்.

ஒன்று சேர்ந்த கணக்கு

விலைக்கும் கணக்கு வேண்டும். முன்பு வியாபாரி சொன்னதே விலை. வெளியூர் நிலவரம் பண்ணைக்காரருக்குத் தெரியாது. 1982-ல் டாக்டர் பி.வி.ராவ் முயற்சியால் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஏற்பட்டது. ஊர் ஊராக விவரம் திரட்டி, மண்டலவாரியாக விலையை அறிவித்தது. தனித்தனியே கிடந்த விவரம் ஒன்று சேர்ந்தது. பண்ணைக்காரருக்குப் பலம் வந்தது.

கடை, தறிக்கூடம், லாரி ஆபீஸ் எல்லாவற்றுக்கும் இதே பாடம்தான். "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பது பழமொழி அல்லவா? அழும் முன் எழுதுங்கள். எழுதியதைத் தினமும் படியுங்கள்!