எழுதுவது ஒருவர், அடிபடுவது இன்னொருவர்

சமூக வலைத்தளங்களால் லாபமா, நஷ்டமா? பட்டிமன்றங்கள் அலசிச் சலித்த கேள்வி. ஆனால் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர்களிடம் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

பெங்களூர் மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஸ்ரீராம்புரம் நிலையம் 2014 மார்ச்சில் திறக்கப்பட்டது. ரயிலில் அறிவிப்பு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வருகிறது. படியிறங்கிச் சந்துகளுக்குள் நுழைந்தால் காதில் விழுவது தமிழ். பின்னி, மினர்வா, ராஜா மில்கள் ஓடிய காலத்தில் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களின் வாரிசுகள் இன்றும் இந்தப் பகுதியில் நிறைந்திருக்கிறார்கள். மில்கள் மூடப்பட்டுவிட்டன. ராஜா மில் இருந்த இடத்தில் இப்போது மந்திரி ஸ்கொயர் என்ற பிரம்மாண்டமான வணிக வளாகம். மில் சங்கு ஓய்ந்துவிட்டது. சட்டைப் பையில் செல்போன் மணி ஓயாமல் ஒலிக்கிறது.

இந்த மக்களுக்கு அதனால் கிடைத்த ஆதாயம் கொஞ்சநஞ்சமல்ல. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்த மூன்றாம் தலைமுறைக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும். பாட்டிக்கோ எந்த எழுத்தும் தெரியாது. இருவரையும் இணைத்தது வாட்ஸ்அப்பின் குரல் பதிவு. ஊரில் கோயில் திருவிழா எப்போது, பங்காளி வீட்டில் கல்யாணமா, சாவா என்பதெல்லாம் முன்பு தபாலிலும் தந்தியிலும் வந்தன, அதுவும் பல சமயம் காரியம் முடிந்த பிறகு. இப்போது சொந்தக்காரர்களின் குழுவில் அடுத்த நிமிடமே வந்துவிடுகிறது. தையல் வேலை செய்பவரும் மாவு அரைத்து விற்பவரும் விளம்பரத்துக்குப் பைசா செலவில்லாமல் வாடிக்கையாளரைப் பிடிக்கிறார்கள்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாவது அலை பெங்களூரைப் புரட்டிப் போட்டபோது, ஆக்சிஜன் வசதியுள்ள படுக்கை எங்கே காலி என்பதை மக்கள் தேடியது செல்போனில்தான். உதவி கேட்டு வலைத்தளத்தில் எழுதுகிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அந்த ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களை எச்சரிக்க வேண்டி வந்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இதே கதை. படகு எங்கே, சாப்பாடு எங்கே என்ற தகவல் அரசு அலுவலகங்களைவிட வேகமாக ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் ஓடியது.

ஆக, வரவுப் பக்கத்தில் சந்தேகம் ஏதுமில்லை. விவகாரம் பற்றுப் பக்கத்தில்தான்.

வதந்திக்குச் செல்போன் தேவையில்லை என்பது ஸ்ரீராம்புரத்துப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1991 ஜூன் 25-ம் தேதி, தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு அளித்தது. டிசம்பர் 11-ல் அது மத்திய அரசிதழில் வெளியானது. அடுத்த இரு நாட்களில் பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. கடைகள் சூறையாடப்பட்டன, குடிசைகள் எரிந்தன, 15-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டின. இந்தியாவில் செல்போன் சேவையே 1995-ல்தான் வந்தது. வதந்தி அன்று வாய் வழியாகவே தெருத் தெருவாகப் பரவியது. எந்தத் தெரு பத்திரம், மகன் வேலை முடிந்து எந்த வழியாக வருகிறான், பக்கத்துப் பேட்டையில் இருக்கும் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டறிய வழியில்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்ததுதான் அந்த நாட்களின் பெரிய கொடுமை.

25 ஆண்டுகள் கழித்து, 2016 செப்டம்பரில், அதே காவிரி. இம்முறை எல்லோர் கையிலும் போன். தமிழகத்துக்குத் தினமும் 15,000 கன அடி நீர் திறக்க செப்டம்பர் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட, 9-ம் தேதி கர்நாடகத்தில் முழு அடைப்பு. அதில் கலந்துகொண்ட கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து பெங்களூரில் ஒரு மாணவர் ஃபேஸ்புக்கில் படம் போட்டார். அவரைப் பிடித்து அடித்தவர்கள் அதைப் படமும் பிடித்தார்கள். அடித்ததற்கு அவர்களே தயாரித்த சாட்சியம் சில மணி நேரங்களில் தமிழகம் முழுவதும் ஓடியது. செப்டம்பர் 12-ம் தேதி அதிகாலை, கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்தும் சென்னை நியூ உட்லண்ட்ஸ் ஓட்டல் தாக்கப்பட்டது. ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டியின் டிரைவர் அடிபட்டார். அதையும் படம் பிடித்தார்கள். அந்தப் படம் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தது.

மதியத்துக்குள் நகரம் பற்றி எரிந்தது. கேபிஎன் டிராவல்ஸின் பஸ் நிறுத்துமிடத்தில் 40-க்கும் மேற்பட்ட பஸ்கள் சாம்பலாயின. தமிழகப் பதிவெண் கொண்ட லாரிகள் தேடித் தேடிக் கொளுத்தப்பட்டன. ஹெக்கனஹள்ளியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. ஸ்ரீராம்புரத்துக்கு அக்கம்பக்கமான ராஜாஜிநகரும் மாகடி ரோடும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். ராமேஸ்வரத்தில் டிரைவரை அடித்துப் படம் பிடித்தவர்களுக்குப் பெங்களூரில் வீடு இல்லை, கடை இல்லை, பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லை. அவர்கள் வீரத்துக்கான கட்டணம் பெங்களூரில் லாரி நிறுத்தியிருந்தவரிடம் வசூலிக்கப்பட்டது. அதேபோல், மாணவரை அடித்துப் படம் போட்டவர்கள் சென்னையில் ஓட்டல் நடத்தும் கன்னடரைப் பற்றி ஒரு கணமும் யோசிக்கவில்லை. சமூக வலைத்தளத்தின் நன்மை தீமைகளைத் தராசில் வைத்து நிறுப்பவர்கள் பொதுவாக மறந்துவிடுவது இதைத்தான். ஆதாயம் ஒரு தட்டிலும் சேதம் மறு தட்டிலும் இருப்பது உண்மை. ஆனால் இரண்டும் ஒரே ஆளுடையவை அல்ல.

பழி முழுவதையும் செல்போன் மேல் போடுவது அரசியல்வாதிகளுக்கு வசதியாக இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் துணுக்குப் படங்களை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியவை இரு மாநிலத் தொலைக்காட்சிகளும்தான். 1991-ஐப் போலன்றி 2016-ல் குடும்பங்களுக்கு ஒரு வசதி இருந்தது: எந்த ரோட்டில் டயர் எரிகிறது, எந்தப் பக்கம் போகலாம் என்று உடனுக்குடன் கேட்டுக்கொள்ள முடிந்தது. வதந்திகளை நம்ப வேண்டாம் என்று பெங்களூர் போலீஸாரும் ட்விட்டரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பயத்தை அனுப்பிய அதே கருவி தைரியத்தையும் அனுப்பியது. ஆனால் பயம் முந்திக்கொண்டது.

பயம் மட்டுமே போதும் என்பதற்கு இந்த நகரத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. 2012 ஜூலையில் அசாமின் கோக்ரஜார் பகுதியில் கலவரம். அதற்குப் பழிவாங்கத் தென்னிந்திய நகரங்களில் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படப் போகிறார்கள் என்று ஆகஸ்டில் எஸ்எம்எஸ்கள் பறந்தன. வேறெங்கோ எடுத்த கோரமான படங்கள் இணையத்தில் சுற்றின. ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள சிட்டி ரயில் நிலையத்தில் குவாஹாட்டி ரயிலுக்கு ஆயிரமாயிரமாகக் கூட்டம். சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. பெருந்தாக்குதல் எதுவும் நடக்காமலே ஒரு சமூகம் மூட்டை கட்டியது. ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் எஸ்எம்எஸ் அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு 15 நாட்களுக்குத் தடை போட்டு, பிறகு அதை 20 ஆகத் தளர்த்தியது. பக்கத்து வீட்டு மணிப்பூர்ப் பெண் பெட்டியோடு கிளம்புவதைப் பார்த்த ஸ்ரீராம்புரத்துக்காரருக்கு 1991 ஞாபகம் வராமல் இருந்திருக்காது.

அடுத்த முறை சந்தேகப் பார்வை தமிழகத்தின் மேலேயே விழுந்தது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பிகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று சில வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. அவை பழைய, சம்பந்தமில்லாத தகராறுகளின் படங்கள் என்று தமிழக போலீஸ் தலைமை விளக்கம் அளித்தது. பிகார் அரசு குழு ஒன்றை அனுப்பி நேரில் பார்க்கச் சொன்னது. அதற்குள் பலர் ஊருக்கு ரயில் ஏறிவிட்டிருந்தார்கள். அயலூரில் பிழைக்கும் தமிழர் எப்படிப் பயந்தாரோ, தமிழ் மண்ணில் பிழைக்க வந்த பிகாரியும் அப்படியே பயந்தார்.

சில சமயம் பயத்தோடு நிற்பதில்லை. 2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள் தென்னிந்தியாவைச் சுற்றிவந்தன. அதில் அதிகம் பகிரப்பட்ட ஒரு வீடியோ கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர் குழந்தையைத் தூக்கிச் செல்வார். உடனே திரும்பி வந்து இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அதே மாதம் பெங்களூர் சாமராஜ்பேட்டையில், வேலை தேடி வந்த 26 வயது ராஜஸ்தான் இளைஞருக்கும் அதே கதி. இரு மாநிலத்துக்கும் இடையே எந்த வித்தியாசமும் இல்லாத விஷயம் இது ஒன்றுதான்.

வெட்டுவது என்பது வீடியோவை மட்டுமல்ல, காலத்தையும் இடத்தையும் வெட்டுவது. நடிகர் சத்யராஜ் 2008-ல், ஒகேனக்கல் பிரச்னைக்காகச் சென்னையில் நடந்த கூட்டத்தில் ஆவேசமாகப் பேசினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பேச்சு வலைத்தளத்தில் உயிர்பெற்றது. மன்னிப்பு கேட்டால்தான் 'பாகுபலி 2' ஓடும் என்றன கன்னட அமைப்புகள். 2017 ஏப்ரலில் அவர் வருத்தம் தெரிவித்தார்.

2025 மே மாதம் கமல்ஹாசன் முறை. 'தக் லைஃப்' பட விழாவில், மேடைக்கு எதிரே அமர்ந்திருந்த கன்னட நடிகர் சிவராஜ்குமாரிடம் உறவு பாராட்டும் தொனியில், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்றார். இரண்டும் ஒரே மூலத் திராவிட மொழியிலிருந்து கிளைத்த சகோதரிகள் என்பதே மொழியியலாளர் கருத்து. அரங்கத்தில் கைதட்டல் வாங்கிய வாக்கியம், துணுக்காக பெங்களூர் போய்ச் சேர்ந்தபோது பாசம் உதிர்ந்து வாக்கியம் மட்டும் மிச்சமிருந்தது. கர்நாடகத்தில் படத்தைத் திரையிட எதிர்ப்பு கிளம்பி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போக, கும்பல்கள் தெருவைக் கைப்பற்ற அனுமதிக்க முடியாது என்று நீதிமன்றம் கண்டித்தது. கமல் சென்னையில் இருந்தார். ஸ்ரீராம்புரத்தில் வசிப்பவர் மறுநாள் காலை கன்னட மேஸ்திரியிடம் வேலைக்குப் போயாக வேண்டும்.

கட்டுப்பாடுகள் இல்லாமலில்லை. 2018 கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வைத்தது. 2020 ஏப்ரல் முதல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு சமயத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம். அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொல்லிக்கொண்டது. ஆனால் வீடியோவைப் போனில் இறக்கிவைத்துப் புதிதாக ஏற்றினால் 'முன்னனுப்பியது' என்ற முத்திரை காணாமல் போய்விடும். அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். சட்டத்தைப் பொறுத்தவரை, இணையப் பேச்சை நசுக்கப் பயன்பட்ட 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது நியாயமே. பகையைத் தூண்டுவோர் மீது வழக்குப் போட மற்ற பிரிவுகள் இருக்கின்றன. ஒரு மாநிலத்தில் எழுதியவரை இன்னொரு மாநில போலீஸ் தேடிப் போவது அபூர்வம் என்பதுதான் சிக்கல்.

2023 செப்டம்பரில் மீண்டும் காவிரிக்கு மழை பொய்த்தது. 26-ம் தேதி பெங்களூர் அடைப்பு, 29-ம் தேதி மாநில அடைப்பு. இடையில் 28-ம் தேதி, ஸ்ரீராம்புரத்தை ஒட்டிய மல்லேஸ்வரத்தில் 'சித்தா' படத்துக்காகப் பத்திரிகையாளர்களைச் சந்தித்த நடிகர் சித்தார்த்தைக் கன்னட அமைப்பினர் பேசவிடாமல் வெளியேற்றினர். அந்த வீடியோ தமிழகத்தில் காட்டுத்தீயாகப் பரவியது. 2016-ஐவிட அதிகப் போன்கள், அதிவேக இணையம், அதே தண்ணீர், அதே கோபம். மறுநாளே கன்னடர்கள் சார்பில் சிவராஜ்குமார் மன்னிப்பு கேட்டார். பிரகாஷ் ராஜும் கேட்டார். அந்த மன்னிப்பும் அதே போன்களில் அதே வேகத்தில் போயிற்று. பஸ் எதுவும் எரியவில்லை. மூன்றாம் நாள் ஸ்ரீராம்புரம் மார்க்கெட்டில் தக்காளி விலையைப் பற்றித்தான் பேச்சு.